சுவர் யாருடையது? – ஓவியரின் தன்னுருவமும் நம் முகங்களும்

(உத்திரமேரூரில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஜெய்பீம்.

நடவு வேலையை முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களுக்கும், செங்கல்பட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் மாணவர்களுக்கும், இத்தனை ஆண்டுகளாக இந்த அமைப்பைத் தோளில் சுமந்துவரும் தோழர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழிலும் இந்தச் சிறுநூலின் அட்டையிலும் அவருடைய முழுப்பெயர் அச்சாகியிருக்கிறது. ஆனால் நாம் அவரை ஒருநாளும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த வட்டாரத்தில் பத்து வயதுப் பையன் முதல் எழுபது வயதுப் பெரியவர் வரை எல்லோருக்கும் அவர் 'ஆர்ட்டிஸ்ட் அண்ணன்'. இன்றும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

மேடைக்குப் பின்னால் மாட்டியிருக்கிற படத்தைப் பாருங்கள். போன ஆண்டு படத்திறப்பு நிகழ்ச்சிக்காக நாங்கள் தயாரித்த படம் அது. அதைத் தயாரிக்க நான்கு நாள் அலைந்தோம். வீட்டில் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கினால் யாரென்றே தெரியவில்லை. கடைசியில் நம் அமைப்பின் பழைய மாநாட்டுப் படம் ஒன்று கிடைத்தது. நடுவில் தலைவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில், பதாகையின் கயிற்றைப் பிடித்தபடி ஏணியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்து அண்ணன் நிற்கிறார். பாதித் தோளை மூங்கில் மறைக்கிறது. அவரைக் கத்தரித்து எடுத்துத்தான் இந்தப் படம் செய்தோம்.

பஜாரில் ஸ்டுடியோக்காரத் தம்பி, "சட்டையில பெயின்ட் கறையா இருக்குது, ஒரு கோட்டு போட்டுடலாமா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் கோட்டுப் போடுவது இப்போது எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். நாங்கள் சரி சொல்ல வாயெடுத்தோம். அண்ணி முந்திக்கொண்டார். "கோட்டுல்லாம் வாணாம்பா. அவுரு ஆயுசுல கோட்டு போட்டது அம்பேத்கருக்குத்தான்."

இந்தப் பேச்சு அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது. எத்தனையோ சுவர்களில் எத்தனையோ பேர் முகத்தை வரைந்த ஒருவருக்கு அவர் முகத்தைக் காட்ட ஒரு படம் இல்லை. அதுவும் நம்முடைய மாநாட்டுப் படத்தில், நம் கேமராவில், அவர் ஓரத்தில் நிற்கிறார். இது எப்படி நேர்ந்தது என்று நாம் யோசித்தாக வேண்டும்.

அண்ணனின் தொழில்

இளைய மாணவர்களுக்காகச் சொல்கிறோம். பிளக்ஸ் வருவதற்கு முன்னால் சுவர்தான் பத்திரிகை, சுவர்தான் மேடை. அண்ணன் முதல்நாள் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவார். மறுநாள் கையில் ஒரு சிறிய காலண்டர் படத்தோடு போவார். படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டிருப்பார். சுவரில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கரியால் கோடிழுத்து, கட்டத்துக்குக் கட்டம் முகத்தை நகர்த்துவார். பிறகு எனாமல் பெயின்ட், டர்பென்டைன். கடையில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு டப்பாவை நீட்டுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெட் ஆக்சைடும் மஞ்சளும் கறுப்பும் குழைத்து நம் தோலின் நிறத்தைத் தானே உண்டாக்குவார். அம்பேத்கரின் கோட்டுக்கு நீலத்தை இரண்டு கை பூசுவார். முதல் கை காயாமல் இரண்டாவது கை பூசமாட்டார், கூட்டத்துக்கு எத்தனை அவசரம் என்றாலும்.

ஊர்ப் பக்கமும் அவரைக் கூப்பிடுவார்கள். தேர்தல் சின்னம், கடைப் பலகை, 'உபயம்' என்று பெயர் எழுதுவது எல்லாம் அவர் கைதான். ஓர் ஊரில் கோயில் சுற்றுச்சுவரில் சாமி படங்களை அவர்தான் வரைந்தார். கும்பாபிஷேகத்தன்று தான் வரைந்த சாமிக்கு வெளியே, தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். கூலியிலும் பாதி பாக்கி. அந்த ஊரின் பெயரை அவரே எங்கும் சொன்னதில்லை, நாமும் சொல்லவேண்டியதில்லை. அந்த ஒரு ஊரில் மட்டுமா அது நடந்தது?

இரவுப் பள்ளியில் ஒருநாள் பிள்ளைகள் அவரிடம், "உன் படத்த நீயே வரஞ்சிக்கலாம்ல அண்ணா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வரஞ்சிக்கலாம். எந்தச் செவுத்துல போடறது? செவுரு யாருதுன்னு மொதல்ல கேளு."

அன்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இப்போது அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கொல்கத்தாவில் ஓர் ஓவியர்

ஓர் ஓவியர் தன்னைத் தானே வரைந்துகொள்வதைத் தன்னுருவ ஓவியம் என்கிறோம். ஐரோப்பாவில் அது பெரிய மரபு. ஆளிவிதை எண்ணெயில் நிறமியைக் குழைத்துப் பூசும் எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைக்கலாம், அடுக்கடுக்காகப் பூசலாம், தோலின் ஈரத்தைக்கூடக் காட்டலாம். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலுள்ள உஃபீஸி காட்சியகத்தில் ஓவியர்களின் தன்னுருவங்களுக்கென்றே ஒரு சேகரம் இருக்கிறது. அதை 17ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டார்கள்.

அந்தச் சேகரத்தில் இடம்பெற்றவர்களில் ஒருவர் ஜோஹன் சோஃபனி. 1733இல் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பேரெடுத்தவர். 1776இல் தன்னை வரைந்துகொண்டபோது கையில் ஒரு மண்டையோட்டையும் பக்கத்தில் மணற்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டார். வாழ்க்கை குறுகியது என்று அதற்குப் பொருள். அதே மனிதர் 1783இல் கம்பெனி ஆட்சி செய்த இந்தியாவுக்குச் சம்பாதிக்க வந்தார். 1789 வரை இங்கே இருந்தார். லக்னோவில் அவர் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இன்று கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் இருக்கிறது. 'கர்னல் போலியரும் அவர் நண்பர்களும்' என்பது தலைப்பு. 1786ஐ ஒட்டி வரைந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நடுவில் ஓவியச் சட்டத்தின் முன்னால் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் சோஃபனியே. இது அவருடைய தன்னுருவமும்கூட. ஒருபக்கம் போலியர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, கம்பெனியிடமும் நவாபிடமும் பணியாற்றிப் பொருள் சேர்த்தவர். அவர் முன்னால் பணியாட்கள் காய்கறிகளையும் பழங்களையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மறுபக்கம் கிளாட் மார்ட்டின். பிரான்சில் பிறந்து லக்னோவில் பெரும் செல்வரானவர். அவர் தன் வீட்டின் படத்தை நண்பர் வோம்ப்வெல்லுக்குக் காட்டுகிறார். அந்த வீட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஓர் இந்தியப் பணியாள்.

வெள்ளையர் நால்வருக்கும் பெயர் உண்டு, வரலாறு உண்டு. கண்காட்சிக் குறிப்பில் யார் எங்கே பிறந்தார், எவ்வளவு சொத்து விட்டுப்போனார் என்பதெல்லாம் வரும். காய்கறி கொண்டுவந்தவரும் வீட்டுப் படத்தைப் பிடித்தவரும் தலைப்புக்குள் வரவில்லை. அவர்கள் 'நண்பர்கள்' இல்லையே. மார்ட்டினுக்கு ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு படம் இருக்கிறது. படத்தைப் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார். நம் மாநாட்டுப் படத்தில் பதாகையின் கயிற்றைப் பிடித்து நின்ற அண்ணனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

சோஃபனியைக் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. முகங்களை உன்னிப்பாகப் பார்த்தவர்தான் அவர். கேள்வி அவருடைய நல்ல மனதைப் பற்றியது இல்லை. அவருக்கு முந்தைய தலைமுறையில் லண்டனில் வில்லியம் ஹோகார்த் இருந்தார். 1745இல் தன் நாயோடு தன்னை வரைந்தவர். பின்னர் தன் வீட்டுப் பணியாளர் ஆறு பேரின் முகங்களை ஒரே துணியில் வரைந்தார். தட்டில்லை, துடைப்பமில்லை, எசமானர் இல்லை. ஆறு முகம் மட்டும், ஆறும் ஆறுவிதம். மனிதரை மனிதராகப் பார்த்த ஓவியம் அது. ஆனால் அங்கும் தூரிகை ஹோகார்த் கையில்தான் இருந்தது. மதிப்போடு வரையப்படுவது வேறு, தன்னைத் தானே வரைந்துகொள்வது வேறு.

அதே நூற்றாண்டில் நாம்

சரி, லக்னோவில் அந்தப் படம் உருவான காலத்தில் நம் மண்ணில் என்ன நடந்தது? 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அதில் அடங்கியவை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர் ஊராக நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, விளைச்சலில் எந்த வேலைக்கு எவ்வளவு பங்கு என்று ஓலையில் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில் நம் முன்னோரைக் காட்டும் மிக விரிவான 'படம்' அதுதான். அதில் நாம் எண்ணாக இருக்கிறோம். பறையர் வீடு இத்தனை. வெட்டியானுக்கு இவ்வளவு பங்கு. முகம் இல்லை.

1780 செப்டம்பர் 10 அன்று நம் மாவட்டத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு அந்தப் போரைத் தீட்டவைத்தார். ஹைதரை அடையாளம் காணலாம். பல்லக்கில் விரலைக் கடித்தபடி இருக்கும் பெய்லியை அடையாளம் காணலாம். போர் நடந்த வயலில் நாற்று நட்டவர்களை அங்கே தேட முடியாது. மன்னனின் சுவரில் மன்னனின் போர். அண்ணன் சொன்னதுதான்.

அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தஞ்சாவூரில் மூச்சி என்றழைக்கப்பட்ட ஓவியர்கள் ஐரோப்பியருக்கு விற்பதற்காகச் சாதிப் படங்கள் வரையத் தொடங்கினார்கள். ஒரு தாளுக்கு ஒரு சாதி. ஒவ்வொன்றிலும் ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்கள் தொழிலைக் காட்டும் ஒரு கருவி. இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. 1837இல் மதுரையில் உருவான ஒரு தொகுப்பில் 72 படங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அது பாதுகாக்கப்படுகிறது. இங்கே நமக்கு முதன்முறையாக முகம் கிடைக்கிறது. ஆனால் அது எவருடைய முகமும் இல்லை. 'பறையனும் அவன் மனைவியும்' என்றால் யார்? எந்தச் சேரி? பிள்ளைகள் எத்தனை? ஒரு செடியின் மாதிரியைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதுவது போலத்தான் அது. பிறகு கேமரா வந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி நூல் வெளியிட்டார்.

சமூகவியல் படிக்கிற மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவரைத் தனி ஆளாகப் பார்ப்பது ஒன்று, ஒரு வகையின் மாதிரியாகப் பார்ப்பது இன்னொன்று. ஆதிக்கச் சாதிக்காரர் தப்புச் செய்தால் அவர் தப்புச் செய்தார் என்பார்கள். நம் பையன் ஒருவன் தப்புச் செய்தால் 'இவனுங்களே இப்படித்தான்' என்பார்கள். 72 தாள்களும் இன்னும் பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் காவல் நிலையத்திலும் புரண்டுகொண்டுதான் இருக்கின்றன.

தூரிகையைக் கையில் எடுத்தவர்கள்

இதை உடைத்தவர்கள் உலகில் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஹுவான் தெ பரேஹா என்பவர் வெலாஸ்கெஸ் என்ற புகழ்பெற்ற ஓவியரின் பட்டறையில் அடிமையாக இருந்தார். 1650இல் வெலாஸ்கெஸ் அவரை வரைந்தார். அந்தப் படம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகமே வியக்கிற படம். அதே ஆண்டில் அவருக்கான விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. நாம் வழக்கமாக இங்கேயே கதையை நிறுத்திவிடுவோம்: நல்ல எசமானர், விடுதலை பெற்ற அடிமை. கதை அதோடு முடியவில்லை. பரேஹா தானே ஓவியரானார். 1661இல் ஏசு தன் சீடர் மத்தேயுவை அழைக்கும் காட்சியைப் பெரிய துணியில் வரைந்தார். அதன் இடது ஓரத்தில் தன்னையும் வரைந்துகொண்டார். கையில் ஒரு தாள். அந்தத் தாளில் அவர் பெயர்.

ஓரத்தில்தான் நிற்கிறார். ஆனால் அந்த ஓரத்தை அவரே தேர்ந்தெடுத்தார். பெயரையும் அவரே எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில், கரீபியன் கடலிலுள்ள புவேர்த்தோ ரிக்கோ தீவில் ஹொசே கம்பெச்சே பிறந்தார். அவருடைய தந்தை அடிமையாக இருந்து தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர். மகன் அந்தத் தீவின் தலைசிறந்த ஓவியரானார். ஆளுநர்களும் ஆயர்களும் அவர் முன்னால் அமர்ந்தார்கள். அவர் தன்னையும் வரைந்துகொண்டார். ஆனால் அந்தத் தன்னுருவம் காணாமல் போய்விட்டது. பின்னாளில் இன்னோர் ஓவியர் அதைப் பார்த்து வரைந்த நகல் மூலமாகத்தான் இன்று அவர் முகம் நமக்குத் தெரிகிறது. ஆளுநர்களின் படங்கள் நிலைத்தன. வரைந்தவரின் படம் நிலைக்கவில்லை. வரைந்தால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்ற ஓர் இடமும் ஆட்களும் வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிற பாடம்.

நம் மண்ணில் எண்ணெய் வண்ணம் நம் கைக்கு வரவில்லை. எழுத்து வந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். 1893இல் அவர் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'பறையன்'. சாதிப் படத்தின் அடியில் மற்றவர்கள் ஒட்டிய பெயரை எடுத்துத் தன் பத்திரிகையின் தலையில் தானே அச்சிட்டார். நம்மைப் பொறுத்தவரை அதுதான் முதல் தன்னுருவம். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1939இல் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே சுருக்கமாக எழுதி வெளியிட்டார். பிறகு 1992இல் பாமாவின் 'கருக்கு', 2005இல் கே.ஏ. குணசேகரனின் 'வடு' என்று அந்த வரிசை நீண்டது. 'சொந்தக் கதையை எழுதினால் அது இலக்கியமா?' என்று கேட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய ஓவியர் கண்ணாடி பார்த்து வரைந்தால் அது கலை. நாம் நம் முகத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் வாக்குமூலமா?

சுவரும் நிலமும்

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். சுவர் யாருடையது?

இந்த ஊருக்கு வருகிறவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உள்ள கல்வெட்டைப் பார்க்காமல் போவதில்லை. முதலாம் பராந்தகச் சோழனின் காலம், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை. 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைவிட்டு எடுப்பது, கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற விதி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதைப் பேசினார். மக்களாட்சியின் தாய்வீடு என்று நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதே கல்லை முழுதாகப் படியுங்கள். ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் சொந்த நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. 35 வயதுக்கு மேல், 70க்குள். வேதக் கல்வி. அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால் வேதத்தில் கூடுதல் தேர்ச்சி. இது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் மனையும் வேதமும் உள்ள ஆண்கள் தங்கள் உருவத்தைத் தாங்களே கல்லில் வரைந்துகொண்டார்கள். அது அவர்களுடைய தன்னுருவம். அந்தச் சுவர் அவர்களுடையது. அதே சோழர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் வருகின்றன. அங்கே நாம் நிலத்தின் எல்லையைச் சொல்லப் பயன்படுகிறோம்.

ஆகவே அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னதில் ஆயிரம் ஆண்டுச் செய்தி இருக்கிறது. முகத்துக்குச் சுவர் வேண்டும். சுவருக்கு மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். குடியிருக்கும் மனையே சொந்தமில்லை, நிலம் கேட்டால் விரட்டுகிறார்கள் என்பதை அரசுக்குக் காட்டினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1994இல் இதே செங்கல்பட்டுச் சீமையின் கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலத்தைக் கேட்கப் போனவர்கள் ஏன் ஒரு சிலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்? நம் முகம் நிற்கிற இடம் நம் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரிலிருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அண்ணலின் படம் நாடாளுமன்ற மைய மண்டபத்துக்கு வர 1990 ஆயிற்று. அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் தவிர வேறு படங்கள் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்ததும், வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்ததும், அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்று அரசு அறிவித்ததும் நேற்று நடந்தது போல இருக்கிறது. அரசமைப்பை எழுதியவருக்கே சுவரில் இடம் உண்டா என்று கேட்கிற நாட்டில், அவரை வரைந்தவருக்கு எங்கே இடம்?

நம்மை நோக்கியும் சில கேள்விகள்

மற்றவர்களை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அண்ணனுக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம்.

பிளக்ஸ் வந்து அவர் தொழில் அழிந்தது. அதே பிளக்ஸில்தான் நம் பிள்ளைகள் முதன்முறையாகத் தங்கள் முகத்தைப் பத்தடி உயரத்தில் பார்த்தார்கள். அதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிளக்ஸ்களை எண்ணிப் பாருங்கள். இருபது முகத்தில் பெண் முகம் எத்தனை? நம் அமைப்பின் பதாகைகளில் எத்தனை? ஒருமுறை இரவுப் பள்ளிப் பெண்பிள்ளைகள் அன்னை மீனாம்பாள் சிவராஜ் படம் வரைந்து தரச் சொன்னார்கள். அண்ணன் எங்களிடம் மாதிரிப் படம் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. "தலைவருங்க படம் கட்டுக்கட்டா வச்சிருக்கீங்க, அம்மா படம் ஒண்ணு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, அவரே காஞ்சிபுரம் போய்த் தேடி எடுத்துவந்தார்.

இந்த வட்டாரத்து இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் வாங்கவே தலைமுறை தலைமுறையாக அலைகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையை நாம் அறிக்கையாக எழுதியிருக்கிறோம். அவர்கள் எழுத நாம் ஏற்பாடு செய்திருக்கிறோமா? அருந்ததியர் தோழர்களை மேடையேற்றியிருக்கிறோமா, இல்லை கயிறு பிடிக்க வைத்திருக்கிறோமா? சோஃபனியின் படத்தில் பணியாள் நின்ற இடத்தில் நாம் யாரையாவது நிறுத்தியிருக்கிறோமா? இதைக் கேட்காமல் நம் கைக்கு வந்த தூரிகையைப் பற்றிப் பெருமை பேசிப் பயனில்லை.

அதனால் இந்த ஆண்டு மூன்று வேலைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அமைப்பின் சார்பில் முன்வைக்கிறோம்.

முதலாவது, நம் சேரிகளில் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் தனியாக, நேராகப் பார்த்தபடி, அவர்கள் விரும்பும் உடையில் படம் எடுப்பது. கையில் போன் இல்லாத மாணவர் இங்கே யாரும் இல்லை. படத்தின் பின்னால் முழுப்பெயர், தாய் தந்தை பெயர், செய்த வேலை ஆகியவற்றை எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அமைப்புக்கு. கம்பெச்சேயின் படத்துக்கு நேர்ந்தது நம் பெரியவர்களுக்கு நேரக் கூடாது.

இரண்டாவது, இன்னும் மிச்சமிருக்கிற அண்ணனின் சுவர் ஓவியங்களைப் படமெடுத்து, எந்தச் சுவர், எந்த ஆண்டு என்று பட்டியலிடுவது. பல சுவர்கள் இடிந்துவிட்டன. சில இன்னும் நிற்கின்றன. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அந்த நீலத்தைப் பார்த்தால் நமக்குத் தெரியும்.

மூன்றாவது, இரவுப் பள்ளிக்கென்று சொந்த மனை. வாடகைக் கட்டடத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூட உடைமையாளரைக் கேட்க வேண்டியிருக்கிறது. மனுக் கொடுத்திருக்கிறோம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மறுபடி போகவேண்டும். கூட்டமாகப் போவோம்.

இந்தப் படத்திலிருக்கிற நீலக் கறையை ஸ்டுடியோத் தம்பி அழிக்கவில்லை. அண்ணி சொன்னபடி அப்படியே விட்டுவிட்டார். கூட்டம் முடிந்து போகும்போது பக்கத்தில் வந்து பாருங்கள். இடது கை மடிப்புக்குக் கீழே இருக்கிறது.

மனு மீதான விசாரணை வருகிற திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடுவோம்.

ஜெய்பீம்.